கிராமத்துக்குப் பொதுக் கோல்ப் திடல்: பவானி வட்டாரத்தை முன்னிட்டு ஓர் ஆய்வு

கோல்ப் ஆட்டத்தைப் பற்றிக் கிராம அபிவிருத்தி இதழ் ஒன்றில் எழுதப் புகுவது அன்பர் சிலருக்கு நகைப்பை விளைவிக்கலாம். மலை வாசஸ்தலங்களிலும் பெருநகரங்களிலும் வேலியிட்ட சங்கத் திடல்களுக்குள் செல்வந்தர் ஆடும் ஆட்டம் அது. பவானி ஆற்றுப் பாசனத்தில் நெல்லும் கரும்பும் மஞ்சளும் பயிரிடும் குடியானவருக்கும் அதற்கும் என்ன தொடர்பு என்று அவர்கள் கேட்பார்கள். கேள்வி நியாயமானதே. எனினும் அந்த ஆட்டம் எந்த நிலத்தில் பிறந்தது, எவ்வாறு வேலிக்குள் சென்றது, சிற்சில இடங்களில் மீண்டும் எவ்வாறு ஊர்ப் பொதுவாயிற்று என்பவற்றை ஆராய்ந்தால், நமது பஞ்சாயத்துகள் தம் கைவசமுள்ள பொது நிலத்தைப் பற்றி அறிந்துகொள்ள வேண்டிய செய்திகள் சில அதனுள் அடங்கியிருக்கக் காணலாம்.

நமது கிராமங்களில் விளையாட்டுத் திடல் என்பது புதிய கருத்தன்று. 2006ஆம் ஆண்டு முதல் 2011ஆம் ஆண்டு வரை நடைபெற்ற அனைத்துக் கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தின் கீழ், அன்று தமிழ்நாட்டில் இருந்த 12,618 கிராம ஊராட்சிகளுக்கும் தலா 20 இலட்சம் ரூபாய் அளவில் பணிகள் நடைபெற்றன. குளம் சீரமைப்பு, நூலகம், சுடுகாட்டு வசதி ஆகியவற்றோடு விளையாட்டுத் திடலும் அப்பணிகளுள் ஒன்றாக இருந்தது. சில ஊர்களில் அத்திடல்கள் இன்றும் மாலை வேளையில் இளைஞர் கூட்டத்தால் நிறைந்திருக்கின்றன. வேறு சில ஊர்களிலோ, துருப்பிடித்த இரண்டு கம்பங்களும் அவற்றைச் சூழ்ந்த சீமைக் கருவேல் புதருமே எஞ்சின. திடல் அமைப்பதற்குப் பணம் கிடைத்துவிடும். அதனைப் பத்தாண்டுகள் காப்பதற்கு வழி கிடைப்பதுதான் அரிது. கோல்ப் போன்ற பெருநில ஆட்டத்தை எடுத்துக்கொண்டு ஆராய்வதில் உள்ள பயனும் இதுவே. நிலம், நீர், பராமரிப்பு என்ற மூன்று தொல்லைகளும் அந்த ஆட்டத்தில் பூதாகாரமாகக் காட்சியளிக்கின்றன.

புறம்போக்கில் பிறந்த ஆட்டம்

ஆட்டத்தை அறியாதவர்களுக்காக ஓரிரு வார்த்தை. ஒரு சிறு பந்தை இரும்பு முனையுள்ள கோலால் அடித்து, தொலைவிலுள்ள குழிக்குள் விழச் செய்ய வேண்டும். குழியின் குறுக்களவு நாலேகால் அங்குலம். குறைந்த அடிகளில் குழிகள் அனைத்தையும் முடிப்பவரே வென்றவர். நமது சிறுவர் ஆடும் கிட்டிப்புள்ளில் புள்ளைத் தொலைவுக்கு அடிப்பது திறமை. இங்கே தொலைவோடு குறியும் சேர்ந்திருக்கிறது. எதிரியோடு முட்டி மோதுவது இல்லையாதலால் அறுபது வயதினரும் பன்னிரண்டு வயதினரும் ஒன்றாக ஆடலாம். திறமை குறைந்தவருக்குச் சில அடிகளைச் சலுகையாகக் கழித்துக் கணக்கிடும் முறையும் உண்டு. ஆகையால் மாமனும் மருமகனும் சமமாகப் போட்டியிடுவதற்கு இதில் இடமிருக்கிறது.

ஸ்காட்லாந்து தேசத்தின் கிழக்குக் கரையில் செயின்ட் ஆண்ட்ரூஸ் என்னும் சிறு நகரம் உள்ளது. கடலுக்கும் கழனிக்கும் இடையே கிடந்த மணற்பாங்கான தரிசில் அவ்வூரார் இந்த ஆட்டத்தை ஆடினர். ஏர் பூட்ட உதவாத நிலம். நமது கணக்கில் சொல்வதானால் புறம்போக்கு. ஆடுகள் மேய்ந்து புல்லைக் குட்டையாக்கின. காற்றும் ஆட்டுக் குளம்பும் மணற்பள்ளங்களை உண்டாக்கின. அந்நிலத்தில் கோல்ப் ஆடுவதற்கு ஊராருக்குள்ள உரிமையை 1552ஆம் ஆண்டில் அவ்வூர்ப் பேராயர் ஒரு சாசனத்தின் வாயிலாக உறுதிப்படுத்தினார். ஒரு சுற்றுக்குப் பதினெட்டுக் குழிகள் என்று இன்று உலகெங்கும் வழங்கும் கணக்கும் அங்கே 1764ஆம் ஆண்டில் ஏற்பட்டதே. அதற்கு முன் ஒரு சுற்று இருபத்திரண்டு குழிகளாக இருந்தது.

இனி வரும் செய்தியைப் பஞ்சாயத்து அங்கத்தினர்கள் சற்று நின்று படிக்க வேண்டுகிறோம். 1797ஆம் ஆண்டில் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகர மன்றம் கடனில் மூழ்கி, பொதுத் திடலை விற்றுவிட்டது. நிலம் கைமாறிய பின்னர் அதில் வியாபாரத்துக்காக முயல்கள் வளர்க்கப்பட்டன. முயல்கள் தரையெங்கும் வளை தோண்டின. ஆடுவோருக்கும் முயல் வியாபாரிகளுக்கும் பூசல் முற்றி வழக்கு மன்றம் வரை சென்றது. ஏறத்தாழ கால் நூற்றாண்டு இந்த அல்லல் நீடித்தது. 1821ஆம் ஆண்டில் ஜேம்ஸ் சீப் என்னும் அண்டை நிலக்கிழார் அந்நிலத்தை விலைக்கு வாங்கி ஆட்டத்துக்கு விட்டுக் கொடுத்ததனால்தான் திடல் பிழைத்தது. அதன் பின்னரும் அது தனியார் நிலமாகவே இருந்தது. 1894ஆம் ஆண்டில் பாராளுமன்றத்தில் தனிச் சட்டம் இயற்றப்பட்டே நகர மன்றம் அதனைத் திரும்பப் பெற்றது. 1974ஆம் ஆண்டு முதல் ஒரு பொது அறக்கட்டளை அதனை நிர்வகித்து வருகிறது. ஒரு மன்றம் ஒரே ஒரு தீர்மானத்தினால் விட்ட நிலம் ஊருக்குத் திரும்புவதற்குத் தொண்ணூற்றேழு ஆண்டுகள் சென்றன.

உலகப் புகழ் பெற்ற அப்பழைய திடலில் ஞாயிற்றுக்கிழமைகளில் பொதுவாக ஆட்டம் இல்லை. அன்று ஊரார் குழந்தைகளோடும் நாய்களோடும் அதில் உலவுகிறார்கள். ஆடுவோருக்கு மட்டுமே உரியதன்று, ஊருக்கு உரியது என்பதை வாரந்தோறும் நினைவூட்டும் ஏற்பாடு இது. நமது மாரியம்மன் கோயில் திடலில் நோன்பு சாட்டிய நாள் முதல் பந்தாட்டம் தானாகவே ஒதுங்கிக்கொள்வதை இதனோடு ஒப்பிடலாம்.

இந்தியாவுக்கு வந்த கதை

இந்த ஆட்டம் நம் நாட்டுக்கு வந்தபோது அதன் பொதுத் தன்மை கப்பலேறி வரவில்லை. 1829ஆம் ஆண்டில் கல்கத்தாவிலும், 1876ஆம் ஆண்டில் பெங்களூரிலும், 1895ஆம் ஆண்டில் கொடைக்கானலிலும் கோல்ப் சங்கங்கள் தோன்றின. இலங்கையில் நுவரெலியாவின் சங்கம் 1889ஆம் ஆண்டினது. ஆங்கில அதிகாரிகளும் தோட்டத் துரைமார்களும் அவற்றின் அங்கத்தினர்கள். உள்ளூரார் அத்திடல்களில் புல் வெட்டினர், கோற்பை சுமந்தனர். நமது கோவை மாநகருக்கு அருகே செட்டிபாளையத்தில் உள்ள திடலும் சங்கத் திடலேயாகும்.

பை சுமந்தவர்கள் ஆட்டத்தைக் கண்ணாலேயே கற்றனர். தில்லியில் பை சுமந்து வளர்ந்த அலி ஷேர், 1991ஆம் ஆண்டில் இந்திய ஓபன் பட்டத்தை வென்றார். அப்பட்டத்தை வென்ற முதல் இந்தியத் தொழில்முறை ஆட்டக்காரர் அவரே. 1993ஆம் ஆண்டில் மீண்டும் வென்றார். பெங்களூரில் பை சுமந்த முனியப்பா 2009ஆம் ஆண்டில் அதே பட்டத்தைப் பெற்றார். வேலிக்கு வெளியே நின்றவர்களிடம் திறமைக்குக் குறைவிருக்கவில்லை. நுழைய வாயில்தான் இல்லை என்பதற்கு இவ்விருவரே போதிய சான்று.

அந்த வாயிலைத் திறந்த முதல் அரசுத் திடல் தில்லி அபிவிருத்தி ஆணையத்தினுடையது. லாடோ சராய் பகுதியில் அமைந்த குதுப் கோல்ப் திடல் 2000ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. இந்தியாவின் முதல் பொதுக் கோல்ப் திடல் என்று அது பெயர் பெற்றது. அங்கத்தினராகாமலே கட்டணம் செலுத்தி எவரும் ஆடலாம் என்பது அதன் சிறப்பு. ஆயினும் அது தலைநகரின் திடல். பசும்புல் தரையும் இயந்திரங்களும் உடையது. அதனை அப்படியே பெயர்த்துக்கொண்டு வந்து நம் கிராமத்தில் நாட்டுவதற்கில்லை. ஏன் என்பதற்குக் காரணம் தண்ணீர்.

தண்ணீர்க் கணக்கு

பதினெட்டுக் குழிகளுள்ள முழு அளவுத் திடலுக்கு 100 முதல் 150 ஏக்கர் வரை நிலம் வேண்டும். அதில் 20 ஏக்கர் புல்லுக்கு மட்டும் நீர் பாய்ச்சுவதாக வைத்துக்கொள்வோம். கோடையில் நாளொன்றுக்கு 5 மில்லிமீட்டர் ஆழம் நீர் கொடுத்தால் ஏக்கருக்குச் சுமார் 20,000 லிட்டர் ஆகும். இருபது ஏக்கருக்கு நான்கு இலட்சம் லிட்டர். கிராமக் குடிநீருக்காக ஜல் ஜீவன் திட்டம் வகுத்த அளவு ஆள் ஒன்றுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர். ஆகவே அந்தப் புல்தரை குடிக்கும் நீர் ஏழாயிரம் பேருக்கு மேற்பட்டோரின் ஒரு நாள் குடிநீராகும்.

பவானி வட்டாரத்தாருக்கு நீரின் அருமையை நாம் எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. பவானி ஆறு காவிரியோடு கலக்கும் கூடுதுறைக்கு அருகே, பதின்மூன்றாம் நூற்றாண்டில் காலிங்கராயன் அணை கட்டி வாய்க்கால் வெட்டிய நாடு இது. அண்மைக் காலத்துக் கீழ்பவானித் திட்டத்தின் ஆயக்கட்டு 2,07,000 ஏக்கர். ஆனால் ஒரு போகத்துக்கு அதில் பாதிக்கே, அதாவது 1,03,500 ஏக்கருக்கே வாய்க்கால் நீர் விடப்படுகிறது. மறு பாதியினர் தங்கள் முறை வரும் வரை காத்திருக்கின்றனர். மடை திறக்கும் நாளை விரல் விட்டு எண்ணும் குடியானவர் கண்ணெதிரே விளையாட்டுப் புல்லுக்கு நீர் பாய்ச்சுவது தகாத செயல் என்றே நாம் கருதுகிறோம். இதில் நமக்கு ஐயமில்லை. நீர் பாய்ச்சும் கோல்ப் திடல் நமது கிராமத்துக்கு வேண்டாம்.

அப்படியானால் ஆராய்ச்சியை இத்துடன் முடித்துவிடலாமே எனலாம். ஆனால் நீரில்லாமலே இந்த ஆட்டத்தை ஆடிய குடியானவர் சமூகங்கள் உலகில் பல உண்டு. அவர்களைப் பற்றித்தான் நாம் முக்கியமாகச் சொல்ல வந்தோம்.

குடியானவர் அமைத்த திடல்கள்

அமெரிக்காவின் நெப்ராஸ்கா, கான்சாஸ் மாநிலங்களும் கனடாவின் சஸ்காட்செவான் மாகாணமும் கோதுமை விளையும் சமவெளிகள். மழை குறைவு. அங்குள்ள சிற்றூர்களில் குழியைச் சூழ்ந்த இடத்தில் புல் வளர்க்காமல், இறுகிய தரைமேல் மெல்லிய மணற்படலம் பரப்பி, அதன்மேல் பந்தை உருட்டி ஆடினர். இதற்கு மணல் வட்டம் என்று நாம் பெயரிடலாம். ஒருவர் ஆடி முடித்ததும் கால் தடங்களை அழிக்க, ஒரு கட்டையில் பழைய கம்பளத் துண்டைக் கட்டி மணல்மேல் இழுத்து விடுவர். அடுத்தவருக்கு வட்டம் புதிதாகக் கிடைக்கும். காவலாள், கணக்கர் என எவரும் இல்லாத சிற்றூர்த் திடல்களில் ஒரு பெட்டி வைக்கப்பட்டிருக்கும். ஆடுவோர் கட்டணத்தைத் தாமே அதில் இட்டுச் செல்வர். ஆஸ்திரேலியாவின் உள்நாட்டு ஊர்களிலும் மணல் வட்டங்கள் வழக்கத்தில் உண்டு. அந்நாட்டின் கூபர் பீடி என்னும் சுரங்க ஊரில் திடல் முழுவதிலும் ஒரு புல் கூட இல்லை. ஆடுவோர் ஒரு சிறு புல்தரைத் துண்டைக் கையோடு எடுத்துச் சென்று, அதன்மேல் பந்தை வைத்து அடிக்கின்றனர். இந்தியாவிலும் பழைய பாசறைத் திடல்களில் மணல் வட்டங்கள் இருந்தன.

இவ்வகையில் நமக்கு மிக நெருங்கிய உதாரணம் ஸ்காட்லாந்தின் மேற்கே சவுத் யூயிஸ்ட் தீவில் உள்ள அஸ்கர்னிஷ் திடலாகும். சிறு குத்தகைக் குடியானவர்கள் வாழும் தீவு அது. 1891ஆம் ஆண்டில் டாம் மாரிஸ் என்னும் முதிய வல்லுநர் கடலோர மேய்ச்சல் நிலத்தில் அங்கே ஒரு திடலை வகுத்தார். நாளடைவில் அது மறக்கப்பட்டு மேடும் புல்லுமாயிற்று. 2006ஆம் ஆண்டில் தீவு மக்கள் ஒன்று சேர்ந்து பண்ணை நிலத்தைச் சமூக உடைமையாக விலைக்கு வாங்கினர். 2008ஆம் ஆண்டில் பழைய திடல் மீண்டும் திறக்கப்பட்டது. எல்லாம் சுமுகமாக நடந்துவிடவில்லை. தங்கள் மேய்ச்சல் உரிமை பாதிக்கப்படும் என்று குடியானவர்களுள் சிலர் ஆட்சேபித்து நில நீதிமன்றத்தை நாடினர். அந்த ஆட்சேபணையை நாம் குறைவாக மதிப்பிடலாகாது. பொது நிலத்தில் எந்தப் புதிய உபயோகம் வந்தாலும் முதலில் இடம் இழப்பவை வாயில்லாச் சீவன்களே. இன்று அங்கே ஆட்டமும் நடக்கிறது. குளிர்காலத்தில் கால்நடைகளும் மேய்கின்றன. ஒரே நிலத்தைக் காலம் பிரித்து இருவகையாக ஆள்வதே அவர்கள் கண்ட வழி.

நமக்கு இது புதுமையன்று. அந்தியூரில் ஆண்டுதோறும் ஆடி மாதத்தில் குருநாதசுவாமி திருவிழா நடைபெறுகிறது. குதிரைகளும் பர்கூர் மலை மாடுகளும் வந்து கூடும் பெருஞ்சந்தை அப்பொழுது நிலத்தை நிரப்பும். சந்தை கலைந்ததும் நிலம் தன் பழைய வேலைக்குத் திரும்பிவிடும். ஒரே இடம் களமாகவும் மந்தையாகவும் கூத்து மேடையாகவும் பயன்படுவதைக் கண்டு வளர்ந்தவர்கள் நாம்.

பவானி வட்டாரத்துக்கு ஏற்ற அமைப்பு

எட்டு ஏக்கர் அளவில் மேட்டுப் புறம்போக்கு உள்ள ஊரை எடுத்துக்கொள்வோம். சதுரமாக இருப்பின் ஒவ்வொரு பக்கமும் ஏறக்குறைய 590 அடி வரும். இதில் முழு ஆட்டத்துக்கு இடமில்லை. ஆனால் 200 முதல் 300 அடி வரை நீளமுள்ள ஆறு குழிகள் கொண்ட குறுந்திடலுக்கு இடமுண்டு. இவ்வகைக் குறுந்திடலுக்குத் தொலைவுக்கு அடிக்கும் நீண்ட கோல்கள் வேண்டா. ஒரு குட்டை இரும்புக் கோலும், உருட்டுவதற்கு ஒரு கோலும் ஆக இரண்டே போதும். ஒவ்வொருவரும் சொந்தமாக வாங்க வேண்டுமென்பதில்லை. நூலகத்தில் புத்தகம் இரவல் கொடுப்பதைப் போலப் பஞ்சாயத்து பத்து ஜோடிக் கோல்களையும், சங்கத் திடல்களில் ஒதுக்கப்படும் பழைய பந்துகளையும் சேகரித்து வைத்துக் கொடுக்கலாம்.

நிலத்தைத் திருத்துவதில் பெரும் வேலை சீமைக் கருவேலை அகற்றுவதே. மேலே வெட்டிவிட்டால் அது முன்னிலும் அடர்ந்து தழைக்குமாதலால் வேரோடு பெயர்த்தெடுக்க வேண்டும். வெள்வேல், வேம்பு முதலிய பழைய மரங்களைத் தொடலாகாது. பள்ளங்களை நிரவிவிட வேண்டுவதில்லை. அவை மழை நீரைத் தேக்குவதோடு ஆட்டத்துக்கும் சுவையூட்டும். தரைக்குக் கொழுக்கட்டைப் புல் விதைத்தால் வடகிழக்குப் பருவ மழையிலேயே அது வேரூன்றிக்கொள்ளும். ஆட்டப் பாதையை மாடுகளே மேய்ந்து குட்டையாக்கும். புல் வெட்டும் இயந்திரம் வாங்கும் செலவு மிச்சம். வேலிக்குக் கம்பி வேண்டா. காங்கேயம், தாராபுரம் பகுதிக் கொறங்காடுகளில் உள்ளதைப் போலக் கிளுவைப் போத்துகளை மழைக் காலத்தில் நட்டால் உயிர்வேலி எழும்பிவிடும்.

மணல் வட்டம் அமைக்கும் முறையைக் குடியானவருக்குக் கற்பிக்க வேண்டியதில்லை. கதிரடிக்கும் களம் எவ்வாறு அமைப்போமோ அவ்வாறே செம்மண்ணும் சரளையும் இட்டு, நீர் தெளித்து, திமிசு போட்டு இறுக்க வேண்டும். நடுவிலிருந்து ஓரத்துக்கு மெல்லிய வாட்டம் கொடுத்தால் மழை நீர் தங்காது. அதன்மேல் ஓர் அங்குலக் கனத்துக்குத் துகள் பரப்ப வேண்டும். மையத்திலிருந்து 15 அடி எட்டும் வட்டத்தின் பரப்பு 707 சதுர அடி. ஓர் அங்குலக் கனத்துக்கு 59 கன அடித் துகள் வேண்டும். ஆறு வட்டங்களுக்கும் சேர்த்து 354 கன அடி, அதாவது மூன்றரை யூனிட் போதுமானது. காவிரி மணலையோ பவானி மணலையோ இதற்கென அள்ளலாகாது. கல் அரவை ஆலையின் சலித்த துகளே இதற்கு ஏற்றது. மேல்நாடுகளில் துகள் காற்றில் பறவாதிருக்க மோட்டார் வண்டியின் கழிவெண்ணெயைக் கலந்து வந்தனர். அதனைப் பின்பற்றுவது பெருந்தவறு. எண்ணெய் மண்ணிலிறங்கிக் கிணற்று நீரைக் கெடுக்கும். காலையில் ஒரு குடம் நீர் தெளித்தால் துகள் அடங்கிவிடும். தடம் அழிப்பதற்கு அவர்கள் கம்பளத் துண்டைப் பயன்படுத்தினர் என்றோம். 2005ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற ஜமக்காளத்தை நெய்யும் பவானியில் அதற்குப் பஞ்சமில்லை. கிழிந்த பழைய ஜமக்காளத்தை மூன்றடிக் கட்டையில் கட்டினால் வேலை முடிந்தது.

காலப் பங்கீடு மிகவும் முக்கியம். நமது ஊர்களில் கால்நடைகள் பொதுவாகப் பகற்பொழுதில் மேய்ச்சலுக்குச் செல்கின்றன. காலை ஆறு மணி முதல் ஒன்பது மணி வரையிலும் மாலை ஐந்து மணிக்குப் பிறகும் ஆட்டம். இடைப்பட்ட நேரம் முழுவதும் மேய்ச்சல் என்று கிராம சபையில் முடிவு செய்து பலகையில் எழுதி வைத்தல் வேண்டும். கோல்ப் பந்து கனமானது. மனிதர் மேலோ மாட்டின் மேலோ பட்டால் காயம் விளையும். ஆதலால் மேய்ச்சல் நேரத்தில் எவரும் அடிக்கலாகாது. வண்டிப்பாதையை நோக்கியோ பள்ளிக்கூடத்தை நோக்கியோ எந்தக் குழியும் அமையலாகாது. சிறுவர் பயிற்சிக்கு இலேசான பிளாஸ்டிக் பந்தே தகுந்தது.

மற்றொன்றையும் கவனிக்க வேண்டும். கிராமத் திடல்களில் மாலையில் நாம் காண்பவர்கள் பெரும்பாலும் இளைஞரான ஆண்களே. பெண்களும் முதியோரும் ஓரத்தில்கூட நிற்பதில்லை. ஓட்டமும் மோதலும் இல்லாத, நடந்தே ஆடும் ஆட்டம் ஒன்று அவர்களுக்கும் இடம் தரும். வாரத்தில் இரண்டு மாலைகள் பெண்களுக்கே என்று ஒதுக்கினால் மகளிர் சுய உதவிக் குழுவினரே பெட்டியையும் கோல்களையும் பொறுப்பேற்று நடத்தக்கூடும்.

நிலம் குறைவான ஊருக்கு இவையொன்றும் பொருந்தா. ஓர் ஏக்கரே உள்ள ஊர் கோல்ப்பை மறந்துவிடலாம். கைப்பந்து ஆடுகளம் 18 மீட்டர் நீளமும் 9 மீட்டர் அகலமும் உடையது. சடுகுடு ஆடுகளம் 13 மீட்டருக்கு 10 மீட்டர். இவையிரண்டும் அமைந்து, சுற்றிலும் நடைபாதையும் நிழல் மரமும் அமைய ஓர் ஏக்கர் தாராளம்.

நிலம் எவருடையது?

நாம் எல்லாவற்றினும் பெரிதாகக் கருதுவது நிலத்தின் உரிமையையே. 1994ஆம் ஆண்டுத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், மேய்ச்சல் நிலம், களம், சுடுகாடு, இடுகாடு, மந்தை, வண்டிப்பாதை, தோப்பு ஆகிய புறம்போக்குகளின் உபயோகத்தை ஒழுங்குபடுத்தும் அதிகாரத்தைக் கிராம ஊராட்சிக்கு அளித்திருக்கிறது. ஒழுங்குபடுத்தும் அதிகாரமே அளிக்கப்பட்டுள்ளது. கொடுத்துவிடும் அதிகாரம் அன்று. மேய்ச்சல் புறம்போக்கின் வகைப்பாட்டை மாற்றுவதற்கு அரசின் அனுமதி வேண்டும். கிராமப் பொது நிலங்களில் ஏற்பட்ட ஆக்கிரமிப்புகளை அகற்றுவதற்குத் திட்டம் வகுக்குமாறு, 2011ஆம் ஆண்டு ஜனவரி 28ஆம் தேதி ஜக்பால் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் எல்லா மாநிலங்களுக்கும் கட்டளையிட்டது. ஒரு குளத்தை நிரப்பி வீடு கட்டியதிலிருந்து எழுந்த வழக்கு அது.

விளையாட்டின் பெயரால் நிலம் கேட்டு வருவோர் உண்டு. சங்கம் அமைத்து நடத்துகிறோம், குத்தகைக்குத் தாருங்கள், வேலியும் நாங்களே போடுகிறோம் என்பார்கள். வேலி போட்டுத் தருகிறோம் என்ற சொல்லைக் கேட்டதும் பஞ்சாயத்து விழித்துக்கொள்ள வேண்டும். நெடுங்காலக் குத்தகை எளிதில் திரும்புவதில்லை. உதகையில் குதிரைப் பந்தயத் திடலாக இருந்த சுமார் 52 ஏக்கர் அரசு நிலத்தை 2024ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் அரசு தன்வசம் எடுத்துக்கொண்டதைப் பத்திரிகைகளில் பலரும் படித்திருப்பார்கள். ஓர் அரசாங்கமே அத்தனை காலம் காத்திருந்து பெற வேண்டியதை, ஒரு சிறு பஞ்சாயத்து எவ்வாறு மீட்க முடியும்? ஆகவே திடல் பஞ்சாயத்தின் நேரடிப் பொறுப்பிலேயே இருக்க வேண்டும். நடத்துவதற்குக் குழு அமைக்கலாம். குழுவுக்கு நிலத்தில் யாதோர் உரிமையும் எழுதித் தரலாகாது. அங்கத்தினர் சந்தா என்ற முறையும் வேண்டா. அன்றன்று பெட்டியில் இடும் சிறு கட்டணமே போதும்.

இந்த யோசனையை எடுத்துக்கொள்ள விரும்பும் ஊர்கள் மார்ச் 22ஆம் தேதி, உலகத் தண்ணீர் நாளன்று கூடும் கிராம சபையில் இதனை முன்வைக்கலாம். நீரின் கணக்கைப் பேசும் கூட்டத்தில் திடலின் கணக்கையும் பேசுவது பொருத்தமானது. கூட்டத்துக்கு முன்பாகக் கிராம நிர்வாக அலுவலரிடமிருந்து ‘அ’ பதிவேட்டின் நகலையும் புல வரைபடத்தையும் பெற்று, சர்வே எண்ணையும் எல்லைக் கற்களையும் நேரில் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். ஆடு மாடு வைத்திருப்போரை முதல் வரிசையில் அமர்த்தி, அவர்கள் சொல்வதை முதலில் கேட்டுக் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ள வேண்டும். எல்லைக் கல் காணாமற் போயிருப்பின் அளவுத் துறையினருக்கு மனுச் செய்து கல் நட்ட பிறகே கருவேல் வேரில் கடப்பாரை வைக்கலாம்.